நொய்யல் நீரை அளப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொடங்கி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊருக்கருகே காவிரியில் கலக்கும் ஆற்றைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். "ஆறு கெட்டுவிட்டது என்று சொல்லுமுன் எங்கே, எப்போது, எதனால் கெட்டது என்று அளந்து சொல்ல வேண்டும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவற்றுள் ஆறுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளில் பலர் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். பேரூர்ப் படித்துறையில் அது காட்டும் எண்ணைவிடச் சூலூர்ப் பக்கத்தில் பல மடங்கு கூடுதலாகக் காட்டுகிறது. ஆறு இத்தனை மடங்கு மாசுபட்டுள்ளது என்று எங்கள் ஊர்க்கூட்டத்தில் சொல்லலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பேரூர்)

பதில்: உப்பு இத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லுங்கள். மாசு என்ற சொல்லை மட்டும் அந்த மீட்டரின் தலையில் ஏற்ற வேண்டாம். தங்கள் கையிலுள்ள கருவி உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்துள்ள திடப்பொருளின் அளவு என்று திரையில் காட்டுகிறது. மின்சாரத்தைக் கடத்தாத பொருள் எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஒரு தம்ளர் நீரில் மீட்டரை வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு கரண்டி சர்க்கரையைக் கரைத்து மீண்டும் பாருங்கள், எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் தாவி ஏறும். மலக்கழிவில் வரும் கிருமிகளும், பூச்சிக்கொல்லியின் எச்சமும், நீரில் ஆக்சிஜன் இல்லாமற் போனதும் இந்த மீட்டருக்குச் சர்க்கரையைப் போலத்தான். எண் குறைவாக இருக்கிறது என்று நம்பி, மேட்டுப்பகுதி ஓடைநீரைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே இதைக் கவனமாகச் சொல்கிறேன்.

கொங்குச் சமவெளியின் அடியில் கிடப்பது கெட்டிப்பாறை என்பதையும் மறக்க வேண்டாம். பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கிய நீரில் இயல்பாகவே தாது உப்புகள் கூடுதலாக இருக்கும். கோடையில் ஆற்றுக்குள் கசிந்து வருவது அந்த நீர்தான். ஆகவே கிழக்கே செல்லச் செல்ல எண் ஓரளவு ஏறுவது இயற்கை. எவ்வளவு ஏற்றம் இயற்கை, எவ்வளவு மனிதர் சேர்த்தது என்று பிரிக்க வேண்டுமானால், கழிவுநீர் எதுவும் கலவாத ஒரு பக்கவாட்டுப் பள்ளத்தின் (ஓடையின்) நீரையும், ஆற்றிலிருந்து விலகியிருக்கும் சில கிணறுகளின் நீரையும் அதே வாரத்தில் அளந்து ஒப்பிட வேண்டும்.

கூட்டத்தில் எண்ணைச் சொல்லும்போது, எதற்கான நீர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500 என்னும் தரநிலை, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதை ஏற்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. பாசனத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்துள்ள வரம்பு மின்கடத்துதிறனில் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமென்ஸ், அதாவது ஏறக்குறைய 1,400 மில்லிகிராம். சுத்திகரித்த சாயக்கழிவை ஆற்றில் விட முன்னாளில் அனுமதிக்கப்பட்டிருந்த அளவோ 2,100 மில்லிகிராம். பாசனத்துக்கு ஆகாத நீரை ஆற்றில் விட விதியே இடம் கொடுத்திருந்தது என்பதை இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஆற்றில் போதிய நல்ல நீர் ஓடிக் கழிவை நீர்க்கச் செய்யும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்ட வரம்பு அது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நொய்யலில் நீர்க்கச் செய்வதற்கு நல்ல நீர் எங்கிருந்து வரும்?

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர். ஓராண்டுக்கு நொய்யலின் நீர்த்தரத்தைத் தொடர்ந்து பதிவு செய்ய விரும்புகிறோம். எந்தெந்தச் சோதனைகளை, எந்த இடங்களில், எந்த நேரத்தில் செய்வது? செலவு அதிகம் ஆகக்கூடாது. (மாணவி, திருப்பூர்)

பதில்: செலவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது வகைச் சோதனைகளை ஒருமுறை செய்து ஓர் அறிக்கை போடுவதைவிட, ஐந்து சோதனைகளை ஐம்பது முறை செய்வது மேலானது. வெப்பநிலை, பி.எச். எனப்படும் அமில-காரத்தன்மை, மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், நீரோட்டத்தின் அளவு ஆகிய ஐந்தையும் நீங்களே ஆற்றங்கரையில் செய்யலாம். மாதம் ஒருமுறை, தேர்ந்த சில இடங்களில் மட்டும், பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவை உண்ண நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), நைட்ரேட், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகள் ஆகிய மூன்றையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். காரை நிறுத்த வசதியான பாலங்களில் மாதிரி எடுத்துவிட்டுப் போகும் ஆய்வுகளால் ஆற்றின் நோயை அறிய முடியாது. நொய்யலில் மாசு பெரும்பாலும் ஓடைகள் வழியாக வந்து சேர்கிறது; கோவையில் சங்கனூர்ப் பள்ளம், திருப்பூரில் நல்லாறும் ஜம்மனை ஓடையும். ஆகவே ஒவ்வொரு பள்ளம் கலக்குமிடத்திலும் மூன்று மாதிரிகள் எடுங்கள்: கலப்பதற்கு மேலே ஆற்றில் ஒன்று, பள்ளத்தின் வாயில் ஒன்று, கலந்தபின் கீழே ஒன்று. கீழே எடுப்பதைக் கலந்தவுடன் எடுக்காதீர்கள். பள்ளத்து நீர் ஒரு கரையை ஒட்டியே வெகுதூரம் தனி நாடாவாக ஓடும். இரு கரையிலும் மின்கடத்துதிறன் ஒன்றாகக் காட்டும் இடம் வரை நடந்து போய் எடுக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக, மலையிலிருந்து வரும் ஓடைகள் கூடும் கூடுதுறைப் பக்கம் ஓரிடத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு மேலே இருப்பதால் நகரத்தின் வாடை படாத நீர் அங்கே கிடைக்கும்.

நேரத்தையும் எளிதாக எண்ண வேண்டாம். பாசி மண்டிய நீரில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே போகும். இரவில் அதே பாசி சுவாசித்து அதைத் தின்று தீர்க்கும். மதியம் மூன்று மணிக்கு 9 மில்லிகிராம் காட்டும் குளம், விடியற்காலை ஐந்து மணிக்கு 2 காட்டக்கூடும். 30 டிகிரி வெப்பத்தில் தூய நீர் காற்றிலிருந்து ஏற்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். அதைவிட மிகுதியாகக் காட்டினால் மகிழ்ச்சி அடையாமல் பாசியைச் சந்தேகியுங்கள். மீன்களுக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். மீன் செத்து மிதந்த செய்தி பெரும்பாலும் காலையில் வருவதன் காரணமும் இதுவே. சோம்பல் பார்க்காமல் விடியுமுன் ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை என்று ஒரே நாளில் இரண்டும் எடுங்கள்.

மாதிரி எடுக்கும் கைப்பழக்கம் பற்றிச் சில சொற்கள். மேற்பரப்பின் நுரையையும் மிதப்பதையும் விலக்கி, ஒரு சாண் ஆழத்தில், நீரோட்டத்தை எதிர்நோக்கிப் புட்டியின் வாயைப் பிடியுங்கள். தாங்கள் கலக்கிவிட்ட சேறு புட்டிக்குள் போகக்கூடாது. மற்றப் புட்டிகளை அதே நீரால் மூன்று முறை அலசலாம், கிருமிச் சோதனைக்கான புட்டியை மட்டும் அலசக்கூடாது, ஏனெனில் அது கிருமிநீக்கம் செய்து வந்தது. அதைப் பனிக்கட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். கரைந்த ஆக்சிஜனைப் புட்டியில் பிடித்துப் பார்ப்பதானால் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி, வேதிப்பொருள்களை அங்கேயே சேர்த்து நிலைப்படுத்திவிடுங்கள். பி.ஓ.டி. அறிக்கை கைக்கு வந்ததும் அது எத்தனை நாள் சோதனை என்று பாருங்கள். நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம், வெளிநாட்டு நூல்களிலுள்ள எண்கள் 20 டிகிரியில் ஐந்து நாள் கணக்கு.

இனி, நீங்கள் விட்டுவிடக்கூடாத ஒன்று நீரோட்டம். செறிவை மட்டும் பார்த்துப் பள்ளங்களை வரிசைப்படுத்தினால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் மாசுள்ள நீர் நொடிக்கு ஒரு கன மீட்டர் ஓடினால், ஒரு நாளில் அது சுமந்து செல்லும் மாசு 86.4 கிலோ. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எடுத்துக்காட்டாக, கறுத்து நாறும் சிறு பள்ளம் ஒன்றில் பி.ஓ.டி. 60, ஓட்டம் நொடிக்கு 0.05 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது ஆற்றுக்குக் கொண்டுவரும் சுமை நாளொன்றுக்கு 259 கிலோ. பார்வைக்கு அவ்வளவு மோசமாகத் தெரியாத இன்னொரு ஓடையில் பி.ஓ.டி. 20 மட்டுமே, ஆனால் ஓட்டம் 0.5 கன மீட்டர் என்றால் சுமை 864 கிலோ. நாற்றத்தை நம்பி முதற்பள்ளத்தில் பணத்தைக் கொட்டினால் ஆறு அப்படியேதான் இருக்கும்.

ஓட்டத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நேராக ஓடும் பத்து மீட்டர் தூரத்தை அளந்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தை மேலே போட்டு, கீழே வந்து சேரும் நேரத்தை ஐந்து முறை குறித்துச் சராசரி எடுங்கள். மேற்பரப்பு வேகம் உள்வேகத்தைவிடக் கூடுதல் என்பதால் 0.85-ஆல் பெருக்கி, ஓடையின் அகலத்தையும் சராசரி ஆழத்தையும் சேர்த்துப் பெருக்கினால் கன மீட்டர் கிடைத்துவிடும். எலுமிச்சை சிறியது, சருகில் மாட்டிக்கொள்ளும். ஆரஞ்சு பாதி மூழ்கி மிதப்பதால் காற்று தள்ளாது. இத்தனை முறை கரையில் நின்று பழம் விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், வேடிக்கை பார்க்கக் கூடும் சிறுவர்களுக்கும் நாலு பழம் எடுத்துப் போங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் மலையிலிருந்து வெள்ளம் வரும்போது ஒருமுறை, வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையன்று ஒருமுறை, பங்குனி சித்திரை வறட்சியில் ஒருமுறை கட்டாயம் எடுங்கள். முதல் மழை, தெருவிலும் சாக்கடையிலும் மாதக்கணக்கில் தேங்கியதை எல்லாம் ஒரே நாளில் வாரிக்கொண்டு வரும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் ஆண்டுக் கணக்கில் பெரிய பங்கு விடுபட்டுப் போகும்.

கேள்வி: ஆற்றிலுள்ள புழு பூச்சிகளைப் பார்த்தே நீரின் தரத்தைச் சொல்லலாம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், தொண்டாமுத்தூர்)

பதில்: உண்மை. தங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு மிகவும் ஏற்ற இடம். மலையோடைகளில் கூழாங்கற்களைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருநாள் பூச்சியின் இளம் உயிரிகளும், சிறு மணலைக் கோத்துக் கூடு கட்டிக்கொண்டு வாழும் புழுக்களும் தென்படும். இவை ஆக்சிஜன் நிறைந்த நீரில் மட்டுமே பிழைக்கும். நகரத்துக்குக் கீழே அதே கல்லைப் புரட்டினால் சேற்றில் நெளியும் சிவந்த இரத்தப்புழுக்களே இருக்கும். அவற்றின் உடலிலுள்ள சிவப்பு நிறமி, மிகக் குறைந்த ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ள உதவுகிறது. வேதிச் சோதனை அந்த நொடியின் நிலையைச் சொல்கிறது, பூச்சிகளோ கடந்த சில வாரங்களாக அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்கின்றன. இரவோடிரவாக யாரேனும் கழிவைத் திறந்துவிட்டு, காலையில் நீர் தெளிந்துவிட்டாலும் பூச்சிகளின் வருகைப்பதிவில் அது பிடிபடும்.

கேள்வி: எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ளது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் கிணற்று நீர் உப்பாகவே இருக்கிறது. ஆற்றில் நிறம் குறைந்துவிட்டது என்கிறார்கள், உப்பு ஏன் குறையவில்லை? மண்ணைத் திருத்த வழி உண்டா? (விவசாயி, சென்னிமலை வட்டாரம்)

பதில்: நிறமும் உப்பும் வெவ்வேறு வழக்குகள் என்பதில் தொடங்க வேண்டும். பருத்தித் துணிக்குப் போடும் சாயம் நூலைவிட்டு விலகி நீரிலேயே நிற்கப் பார்க்கும். அதை நூலின்பால் தள்ளுவதற்குச் சாயக்குளியலில் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுகிறார்கள், பின்னர் சலவைச் சோடாவைச் சேர்த்துச் சாயத்தை நிலைக்கச் செய்கிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போகும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் குளியல் என்று வைத்தால், ஏறக்குறைய அரை கிலோ உப்பு. ஒரு டி-ஷர்ட்டுக்கு நூறு கிராம். இந்த உப்பில் ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறத்தை வெளுக்க வைக்கலாம், கசடை வண்டலாகப் படிய வைக்கலாம், பி.ஓ.டி.-யை நுண்ணுயிரிகளைக் கொண்டு உண்ண வைக்கலாம். உப்பை உண்ணும் உயிரி கிடையாது. 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியும் விவசாயிகளின் துன்பம் தீராததன் காரணம் இதுதான்: அவை நிறத்தையும் கசடையும் குறைத்தன, உப்பை அப்படியே ஆற்றுக்கு அனுப்பின.

திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவின் தேக்கமாக மாறியதும், எந்த விவசாயிகளுக்காக அது கட்டப்பட்டதோ அவர்களே தண்ணீர் வேண்டாம் என்று மறுக்க நேர்ந்ததும் தாங்கள் கண்ணால் கண்டவை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்தது. அதன் பின்னும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாத நிலையை எட்டும்வரை சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உத்தரவிட்டது. இப்போது சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வுகள் நீரைப் பிரித்தெடுக்கின்றன. எஞ்சும் கடும் உப்புநீரை ஆவியாக்கி உப்பை மீட்டு, திரும்பச் சாயக்குளியலுக்கே பயன்படுத்துகிறார்கள். ஒழுங்காக இயக்கினால் இது வேலை செய்யும் முறைதான். ஆனால் மின்சாரமும் விறகும் தின்னும் முறை. செலவைக் குறைக்க ஓர் இரவு குழாயைத் திறந்துவிடும் ஆசை எப்போதும் பக்கத்திலேயே நிற்கும். மீட்க முடியாமல் கலப்பு உப்பாக எஞ்சுவதை மூட்டைகளில் அடுக்கி வைத்திருப்பதும் தீராத தலைவலி.

இனித் தங்கள் கிணறு. அணையில் தேங்கிய உப்புநீர் ஆண்டுக்கணக்கில் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கியிருக்கிறது. கெட்டிப்பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் மணற்பாங்கான நிலத்தில் போல விரைந்து நகர்வதில்லை. மழை பெய்து இறங்கும் நல்ல நீர் கொஞ்சம் கொஞ்சமாகவே பழைய நீரைத் தள்ளும். மழையும் குறைவான வட்டாரம். தாங்கள் அதே கிணற்று நீரை இறைத்துப் பாய்ச்சும்போது, பயிர் நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உப்பை மண்ணில் விட்டுவிடுகிறது, அடுத்த மழை அந்த உப்பைக் கரைத்து மீண்டும் கிணற்றுக்கே கொண்டுபோகிறது. மேலிருந்து புதிய உப்பு வராவிட்டாலும் பழைய உப்பு இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மண்ணைப் பற்றிய கேள்விக்கு: உப்பின் மொத்த அளவைவிடச் சோடியத்தின் பங்கு களிமண்ணைக் கெடுக்கிறது. சோடியம் ஏறிய மண் ஈரத்தில் சேறாகக் குழைந்து, காய்ந்தால் ஓடு போல இறுகி, நீரை உள்ளே விடாது. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த சோடியத்தை வேர்ப்பகுதிக்குக் கீழே கழுவித் தள்ள நல்ல நீர் வேண்டும். அது இல்லாமல் ஜிப்சம் மூட்டைகளை மட்டும் கொட்டுவது பணத்தைக் கொட்டுவதே. எனவே பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைப் பிடித்து, வரப்புகளை உயர்த்தி, பெய்யும் மழை வயலிலேயே நின்று இறங்குமாறு செய்யுங்கள். மழைக்கு முன் ஜிப்சம், மழையோடு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதல் என்ற வரிசை பலனளிக்கும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை சொல்லும், பக்கத்துத் தோட்டத்துக் கணக்கைக் கேட்டு இட வேண்டாம். உளுந்தும் பச்சைப்பயறும் இந்த உப்பைத் தாங்கா. பருத்தி ஓரளவு தாங்கும். கிணற்று நீர் முழுவதும் திருந்திவிடும் என்று நாள் குறித்துத் தங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கோவையைச் சுற்றிச் சாயப்பட்டறைகள் அவ்வளவாக இல்லை. அப்படியிருந்தும் அணைக்கட்டுகளில் மழைக்காலத்தில் மலை மலையாக நுரை பொங்குகிறதே? நுண்ணுயிரி உருண்டைகளை வீசினால் ஆறு சுத்தமாகும் என்கிறார்கள், ஆகாயத்தாமரையே நீரைச் சுத்தப்படுத்தும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் குளத்தில் எதைச் செய்யலாம்? (குடியிருப்போர் சங்கம், சிங்காநல்லூர்)

பதில்: நுரையின் பெரும்பங்கு நம் வீட்டுக் குளியலறையிலிருந்தும் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்தும் போனது. சலவைத்தூளிலுள்ள பொருள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அணைக்கட்டில் நீர் விழுந்து காற்றோடு கலக்குமிடத்தில் அது நுரையாகிறது. மட்கிய இலைதழைகளாலும் சிறிதளவு நுரை வரும், ஆனால் அது பழுப்பாகவும் விரைவில் அடங்குவதாகவும் இருக்கும். ஆலைக் கழிவும் கலந்திருக்கலாம், அதை மேலே சொன்ன முறையில் பள்ளம் பள்ளமாக அளந்துதான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு வினோதத்தைக் கவனிக்க வேண்டும். கோவையும் திருப்பூரும் குடிக்கும் நீரில் பெரும்பகுதி நொய்யலுடையது அன்று. கோவைக்குச் சிறுவாணி, பில்லூர் என்று பவானிப் படுகையிலிருந்தும், திருப்பூருக்குப் பவானி, காவிரி ஆறுகளிலிருந்தும் குழாய் வழியே வருகிறது. பயன்படுத்திய பின் அது சாக்கடையாக நொய்யலில் இறங்குகிறது. கோடையில் கோவைக்குக் கீழே நொய்யலில் ஓடுவதை ஆற்று நீர் என்று சொல்வதைவிடப் பவானியின் நீர் வீடுகள் வழியாக வந்து சேர்ந்தது என்று சொல்வதே பொருத்தம். உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டர் கொள்ளளவில் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. ஆனால் நிலையத்தின் கொள்ளளவு என்பது வேறு, வீட்டிலிருந்து அதுவரை பாதாளச் சாக்கடைக் குழாய் வந்து சேர்ந்திருப்பது வேறு. குழாயில் சேராத வீட்டின் கழிவு மழைநீர் வடிகாலில் இறங்கி, பள்ளத்துக்கு வந்து, ராஜவாய்க்கால் வழியே தங்கள் குளத்துக்கே வரும்.

உருண்டைகள் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். கழிவை உண்ணும் நுண்ணுயிரிகள் சாக்கடையிலேயே கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றுக்குக் குறைவது ஆக்சிஜன்தான். நாள்தோறும் கழிவு வந்துகொண்டிருக்கும் குளத்தில் உருண்டை வீசுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பு. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஆகாயத்தாமரையின் கதை சற்று வேறு. அது நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சுவது மெய். ஆனால் வளர்ந்ததைத் தொடர்ந்து வாரி அப்புறப்படுத்தி உரமாக்கினால்தான் அந்தச் சத்து குளத்தைவிட்டு வெளியேறும். விட்டுவிட்டால் மூழ்கி அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதோடு, மேற்பரப்பை மூடிக் காற்றும் ஒளியும் புகாமல் செய்துவிடும். வாரியதைக் கரையிலேயே குவித்து வைப்பதும் பயனற்றது, அடுத்த மழையில் சாறு முழுவதும் குளத்துக்கே இறங்கும்.

தங்கள் சங்கத்தால் ஆகக்கூடியது: குளத்துக்குள் வரும் வாய்க்கால்கள் எல்லாவற்றையும் நடந்து பார்த்து, மழையே பெய்யாத நாளில் எவற்றில் நீர் ஓடுகிறது என்று குறியுங்கள். மழையில்லா நாளில் மழைநீர் வடிகாலில் ஓடுவது கழிவாகவே இருக்க வேண்டும். அவற்றின் ஓட்டத்தையும் மின்கடத்துதிறனையும் அளந்து, சுமை மிகுந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சாக்கடைக் குழாயில் இணைக்க அல்லது குளத்தின் வாயில் சிறு சுத்திகரிப்பு அமைக்க மாநகராட்சியிடம் கேளுங்கள். வாயில் ஒரு படிவுத்தொட்டியும், அதையடுத்துக் கோரையும் சம்பும் வளர்ந்த ஆழமற்ற பரப்பும் இருந்தால் கசடில் நல்ல பங்கு அங்கேயே நின்றுவிடும். படிவுத்தொட்டியைத் தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் வாங்காமல் அதைக் கட்ட வேண்டாம். கரையை வளைத்துக் கான்கிரீட் போட்டு நடைபாதை அமைப்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மண்கரையில் புல்லும் வேரும் வடிகட்டிக் கொடுத்த வேலையைக் கான்கிரீட் செய்யாது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஆற்றோரக் கிணறுகளை நாங்களே சோதித்து, கழிவு கலப்பதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்குமா? (ஊராட்சி வார்டு உறுப்பினர், சூலூர் ஒன்றியம்)

பதில்: நேரடிச் சான்றாக ஏற்பது கடினம். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, கழிவு மாதிரியை எடுக்கும் அதிகாரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளித்து, எடுக்கும் முறையையும் வகுத்திருக்கிறது: ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியைப் பங்கிட்டு, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி, ஏற்பளிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முறை தவறினால் வாரியத்தின் அறிக்கையே வழக்கில் நில்லாது. தங்கள் பதிவேடு, வாரியத்தின் மாவட்டப் பொறியாளரை இன்ன இடத்துக்கு இன்ன நேரத்தில் வரவழைக்கப் பயன்படும். இரவு இரண்டு மணிக்கு மின்கடத்துதிறன் தாவி ஏறுவதை மூன்று வாரம் தொடர்ந்து குறித்து வைத்திருந்தால், அவர் பகல் பதினோரு மணிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போக முடியாது. அதற்குப் பின்னும் அசையவில்லை என்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானே கூட்டு ஆய்வுக்குழு அமைத்து மாதிரி எடுக்கச் சொல்வது வழக்கமாக நடப்பது.

கிணறுகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் களச் சோதனைப் பெட்டிகள் தரப்பட்டுள்ளன. தங்கள் அலுவலக அலமாரியில் திறக்காமல் இருந்தால் முதலில் வேதிப்பொருளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். கிருமிச் சோதனைக்கான சிறு புட்டியில் நீரை ஊற்றி வைத்து, ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கழிவு கலந்திருப்பதாகக் கொள்ளலாம். இந்தப் புட்டியை ஆற்றில் வீணாக்காதீர்கள், நகரத்துக்குக் கீழே அது எப்போதும் கறுக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய கிணற்று நீரைக் கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு கலக்கப் பயன்படுத்தக் கூடாது என்று வீடுவீடாகச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு இன்னும் கூடும். சந்தேகம் வந்த கிணறுகளின் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, அந்த அறிக்கையின் நகலை ஊராட்சித் தீர்மானத்தோடு இணைத்து வையுங்கள்.